அத்தாவின் சுமைக்கு ஒரு வண்டி

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

பெற்றோருக்கு ஒரு பொருள் வாங்கித் தருவது எளிது. எதை வாங்குவது என்று தீர்மானிப்பதுதான் கடினம். சென்ற ஆண்டு எங்கள் அத்தாவுக்கு ஒரு வண்டி வாங்க முனைந்தபோது இதை நன்கு உணர்ந்தோம். அது ஏறிச் செல்லும் வண்டியன்று. கோல்ஃப் மட்டைகள் அடங்கிய பையைச் சுமந்துகொண்டு, ரிமோட்டின் கட்டளைக்கு இணங்கித் தானே உருண்டு செல்லும் மின்வண்டி. இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் எண்ணக்கூடும். தொடக்கத்தில் நாங்களும் அப்படித்தான் எண்ணினோம்.

நாங்கள் மூவர். மூத்தவர் துபாயில் பணிபுரிகிறார். சகோதரி திருப்பூரில் வாழ்கிறார். இளையவர் கோட்டைமேட்டில் பெற்றோருடன் இருக்கிறார். அத்தாவுக்கு வயது அறுபத்தேழு. நாற்பது ஆண்டுகளாகப் பம்புசெட்டு உதிரிபாகங்கள் விற்கும் கடை நடத்தி வந்தவர். மோட்டாரின் ஓசையைக் கேட்டே அதன் கோளாறைச் சொல்லிவிடுவார். கோவைக்காரர்களுக்கு இது வியப்பாக இராது. ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார்கள் என்று பெருமை பேசும் ஊர் இது. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊரும் இதுவே.

பம்புசெட்டுக் கடைக்காரருக்கும் கோல்ஃபுக்கும் என்ன தொடர்பு என்று உறவினர்கள் கேட்காத நாளில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அத்தாவுக்கு இதயத்தில் அடைப்பு ஏற்பட்டது. தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்தினார். அத்தாவோ இரண்டு நாள் நடப்பார். மூன்றாம் நாள் கடைச் சாவியைக் காரணம் காட்டுவார். அப்போது வாடிக்கையாளரான மில் உரிமையாளர் ஒருவர் அவரைச் செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்திற்கு அழைத்துச் சென்றார். கரி மோட்டார் பந்தயப் பாதை இருக்கும் அதே செட்டிபாளையம்தான். பந்தைத் தேடி நடக்கிறோம் என்ற நினைப்பில், உடற்பயிற்சி செய்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. பதினெட்டுக் குழிகளையும் நடந்தே முடித்தால் எட்டுக் கிலோமீட்டருக்குக் குறையாது. அத்தா ஒன்பது குழிகளோடு நிறுத்திக்கொள்வார்.

அவர் தமக்கென்று சில வரம்புகளை வைத்திருந்தார். ஃபஜ்ர் தொழுகையை ஜமாஅத்தோடு முடித்த பிறகே புறப்படுவார். ஒரு குழிக்கு இவ்வளவு என்று பணம் வைத்து ஆடுவது அவ்விளையாட்டில் பரவலாகக் காணப்படும் வழக்கம். அது சூது என்பதால், முதல் நாளே மறுத்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் மதுக்கூடம் இருக்கும் பக்கம் நடப்பார்கள். அத்தா காரை நோக்கி நடப்பார். அவருடைய பையின் பக்கவாட்டு உறையில் பந்துகளோடு ஒரு முஸல்லாவும் மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

அந்தப் பையில்தான் சிக்கல் தொடங்கியது. விதிப்படி ஓர் ஆட்டக்காரர் பதினான்கு மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். பந்து, குடை, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோவை எட்டிவிடும். அத்தாவின் பையைச் சுமப்பவர் செட்டிபாளையம் அருகே குடியிருக்கும் ஒரு பெரியவர். இத்தொழில் செய்பவர்களுக்கு ஆங்கிலத்தில் 'கேடி' என்று பெயர். தமிழில் அச்சொல்லுக்குக் காவல் நிலையச் சுவரில் படம் ஒட்டப்படும் ஆள் என்று பொருள் என்பதால், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் முதன்முறை கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் அவரை 'மைதானத்து அண்ணன்' என்றே அழைத்து வருகிறோம். அத்தாவைவிட நான்கைந்து வயது இளையவர்.

சென்ற ஆண்டு அந்த அண்ணன் அடிக்கடி விடுப்பு எடுக்கலானார். வேறொருவரை அழைக்க மனமில்லாத அத்தா, அந்நாட்களில் பையைத் தாமே தூக்கினார். விளைவு, கீழ் முதுகில் வட்டு விலகல். பள்ளிவாசலில் வரிசையின் ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழும் நிலைக்கு வந்தார். "பாரம் தூக்கக் கூடாது, இழுக்கவும் கூடாது, ஆனால் நடப்பதை நிறுத்தவே கூடாது" என்றார் மருத்துவர். அத்தா எங்களிடம் அதிகம் பேசவில்லை. "நெற்றி தரையில் படாமல் தொழுவது மனதிற்கு ஒப்பவில்லை" என்று ஒரு முறை மட்டும் சொன்னார். அந்த ஒரு வரி எங்களைத் தூங்கவிடவில்லை.

வண்டி வாங்கிவிடுவது என்று மூவரும் முடிவு செய்தோம். தேடத் தொடங்கிய பிறகுதான் இதில் எத்தனை வகைகள் உண்டென்று தெரிந்தது. கையால் தள்ளும் மூன்று சக்கர வண்டி ஒன்று. விலை குறைவு, ஆனால் மேட்டில் தள்ள வேண்டும். கைப்பிடியில் வேகத்தைத் திருகி வைத்தால் தானே நகரும் மின்வண்டி மற்றொன்று. அதற்கும் கூடவே ஒரு கை வேண்டும். மூன்றாவது, ரிமோட்டால் இயங்குவது. நான்காவது, இடுப்பில் செருகிய ரிமோட்டைத் தொடர்ந்து ஆட்டுக்குட்டிபோல் பின்னாலேயே வருவது. பிரிட்டனின் பவர்கேடி, மோட்டோகேடி, ஸ்டூவர்ட் கோல்ஃப், ஆஸ்திரேலியாவின் எம்ஜிஐ எனப் பல நிறுவனங்கள் இத்துறையில் இருக்கின்றன.

இளையவர் ஓர் அட்டவணை தயாரித்தார். முதல் கட்டம் மோட்டார். ரிமோட் வண்டிகளில் பெரும்பாலும் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார் இருக்கும். இடப்பக்க மோட்டார் மெதுவாகச் சுழன்றால் வண்டி இடப்புறம் திரும்பும். இரண்டும் ஒத்துச் சுழலாவிட்டால் நேர்க்கோட்டில் ஓடாது; அதற்காகவே சில வண்டிகளில் திசையுணரும் கருவியைப் பொருத்துகிறார்கள்.

இரண்டாவது கட்டம் தடை. மேடேறும் திறனைப் பற்றி விற்பவர்கள் நிறையவே பேசுவார்கள். நாம் கேட்க வேண்டியதோ இறக்கத்தைப் பற்றி. மோட்டாரே தடையாக மாறி வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இல்லையென்றால், பதின்மூன்று கிலோ பையோடு வண்டி சரிவில் பாய்ந்துவிடும். அத்தாவின் நண்பர் ஒருவர் மலிவாக வாங்கிய வண்டி குளத்தில் இறங்கி நின்ற கதையை மைதானத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ரிமோட்டின் எல்லையைத் தாண்டினால் வண்டி தானாகவே நிற்க வேண்டும். மேட்டில் பின்புறம் கவிழாமலிருக்க ஒரு சிறு துணைச்சக்கரமும் வேண்டும்.

மூன்றாவது கட்டம் பேட்டரி. பழைய ஈய அமில பேட்டரி பத்துக் கிலோவைத் தாண்டும்; முதுகு வலிக்காரருக்கு அதைக் காரில் ஏற்றி இறக்குவதே தண்டனை. லித்தியம் பேட்டரி இரண்டு மூன்று கிலோதான். அதிலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை வெப்பத்தை ஓரளவு தாங்கும். கூடுதல் முறை சார்ஜ் செய்யலாம். ஆயினும் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் எதையும் விட்டுவைக்கக் கூடாது.

துபாயிலிருந்து வரும்போது தாமே கொண்டுவந்துவிடுவதாக மூத்தவர் முன்வந்தார். வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் பேட்டரியின் வாட் மணி கிடைக்கும். அவர் பார்த்து வைத்திருந்த வண்டிக்கு 24 வோல்ட், 15 ஆம்பியர் மணி, பெருக்கினால் 360. பயணிகள் விமானத்தில் 100 வரை தடையில்லை; 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்; அதற்கு மேல் ஏற்றவே மாட்டார்கள். நல்லவேளையாகப் பணம் கட்டுமுன் கணக்குப் போட்டார்.

நான்காவது கட்டம் பழுதுபார்ப்பு. கோவையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவ்வண்டிகளில் இருப்பது கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார். அதை இயக்கும் மின்னணுப் பலகை கெட்டால் மாற்றுப் பலகை வந்தாக வேண்டும். உதிரிபாகம் இந்தியாவில் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

ஐந்தாவது கட்டம் விலை. தரமானவை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டின. தொடர்ந்து வரும் வகை அதற்கும் மேலே போயிற்று. இங்கேதான் எங்களுக்குள் முதல் சஞ்சலம் எழுந்தது. விளையாட்டுப் பையைச் சுமக்க ஒரு லட்சமா? இது இஸ்ராஃப் ஆகாதா? வீண் விரயமும் கஞ்சத்தனமும் இல்லாத நடுவழியைக் குர்ஆன் கற்பிக்கிறது. அந்த நடுவழி ஒவ்வொரு வீட்டிலும் எந்த இடத்தில் ஓடுகிறது என்பதை அவ்வீட்டாரே நேர்மையோடு கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. "ஆடம்பரத்துக்கு வாங்கினா ஒரு ரூபாயும் விரயம்தான். நடக்கிறதுக்கு வாங்கினா மருந்துச் சீட்டுன்னு நினைச்சுக்கங்க" என்றார் அம்மா. உடலும் ஓர் அமானத்தே என்ற நிய்யத்தோடு மேற்கொண்டு சென்றோம்.

விற்பனையாளர் ஒருவர் எங்கள் சஞ்சலத்தைப் போக்க ஒரு கணக்குச் சொன்னார். பை சுமப்பவருக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய், வாரத்திற்கு நான்கு நாள். ஆண்டுக்கு ஒரு லட்சத்து நான்காயிரம். வண்டியின் விலை ஒரு லட்சத்து முப்பதாயிரம். ஆக, பதினைந்து மாதங்களில் வண்டி தன் விலையைத் தானே ஈட்டிவிடும். கணக்கில் பிழையில்லை. நாங்கள் மகிழ்ந்து, அட்டவணையின் கடைசியில் 'மிச்சம்' என்று ஒரு கட்டம் சேர்த்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து உணவருந்திய பின் அட்டவணையை அத்தாவிடம் காட்டினோம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைக் கணக்கைப் பார்ப்பதுபோல் வரிவரியாகப் படித்தார். மோட்டாரைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார். கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இந்த மிச்சம் எங்கிருந்து வருதுப்பா?"

நாங்கள் விளக்கினோம்.

"அப்ப இது மிச்சம் இல்லை. அந்த மனுஷன் வீட்டு அரிசி. பட்டியல் நல்லாத்தான் போட்டிருக்கீங்க. மோட்டாருக்கு ஒரு கட்டம், பேட்டரிக்கு ஒரு கட்டம். பையைத் தூக்குறவருக்கு ஒரு கட்டம் போடலையே?"

எங்களிடம் பதில் இல்லை. மூவரும் படித்தவர்கள். ஜகாத்தைக் கணக்கிட்டுக் கொடுப்பவர்கள். தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் என்று மேடையில் பெருமை பேசக் கேட்டுத் தலையாட்டியவர்கள். கூலியை உரிய நேரத்தில் கொடுப்பதைப் பற்றிச் சிந்தித்த நாங்கள், அந்தக் கூலியையே இல்லாமல் ஆக்குவதைச் சேமிப்பு என்று எழுதி வைத்திருந்தோம்.

மறுநாள் காலை நாங்கள் இருவர் அத்தாவோடு செட்டிபாளையம் சென்றோம். மூத்தவர் துபாயிலிருந்து அலைபேசியில் இணைந்திருந்தார். அத்தா வண்டியைப் பற்றிய பேச்சை எடுத்ததுமே அந்த அண்ணனின் முகம் சுருங்கியது.

"ஏனுங்க பாய், வண்டி வந்துருச்சுன்னா நான் வர வேண்டாமுங்களா?"

அத்தா பதில் சொல்லாமல், "நீங்க ஏன் இப்பல்லாம் அடிக்கடி வர்றதில்லை? அதை முதல்ல சொல்லுங்க" என்றார். அவர் சிறிது நேரம் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தோளு ரெண்டு வருசமா வலிக்குதுங்க பாய். கையத் தூக்கிச் சட்டை போட முடியறதில்லீங்க. சொன்னா அப்புறம் கூப்புட மாட்டீங்கன்னுதான் சொல்லலைங்க."

இரண்டு ஆண்டுகள்! எங்கள் அத்தாவின் முதுகுக்காக மூன்று ஊர்களிலிருந்து கூடிப் பேசிய நாங்கள், அதே பையை அதுவரை சுமந்த தோளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. பணியாளர்மீது அவரால் தாங்க இயலாத சுமையை ஏற்றக் கூடாது, ஏற்ற நேர்ந்தால் நாமும் கைகொடுத்து உதவ வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழி. சிறு வயதில் மதரஸாவில் கேட்டது. மைதானத்தின் நடுவே நின்றபோதுதான் அதன் இரண்டாம் பகுதி எங்களுக்கு உறைத்தது.

அன்று ஒன்பது குழிகளும் அவர்களோடு நடந்தோம். பை சுமப்பவர் என்று நாங்கள் எண்ணியிருந்தவர் செய்த வேலைகளில் சுமப்பது ஒன்று மட்டுமே. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்த மட்டையை எடுப்பது, புல்தரை எந்தப் பக்கம் சரிகிறது என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பந்து புதருக்குள் போனால் பாம்பு இருக்கிறதா என்று குச்சியால் தட்டிப் பார்த்தார். அத்தா மூச்சு வாங்கினால், "கொஞ்சம் நில்லுங்க பாய், முன்னாடி போறவங்க முடிக்கட்டும்" என்று மரியாதை குறையாமல் ஓய்வு கொடுத்தார். தனியாட்டத்தில் ஆட்டக்காரர் ஆலோசனை கேட்கக்கூடிய ஒரே ஆள் அவருடைய கேடிதான் என்பது அவ்விளையாட்டின் விதி. எந்த ரிமோட்டும் இதற்கு ஈடாகாது.

இத்தொழிலிலிருந்து எழுந்தவர்களின் கதையும் சிறிதன்று. டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை சுமந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவரே. 1993இல் மீண்டும் வென்றார். பெங்களூரில் பை சுமந்த சி. முனியப்பா 2009இல் அதே பட்டத்தை வென்றார். சுமந்தவர்கள் பார்த்துக்கொண்டே கற்றவர்களும் ஆவார்கள்.

வீடு திரும்பி அட்டவணையைத் திருத்தினோம். 'மிச்சம்' என்ற கட்டத்தை அடித்துவிட்டு, 'யார் இயக்குவது' என்று எழுதினோம். அதன் பிறகு தேர்வு எளிதாயிற்று. பின்தொடரும் வகை வேண்டாம். ரிமோட் ஒருவர் கையில் இருக்கப் போகிறதே! பொத்தான்கள் குறைவாகவும் பெரிதாகவும் இருக்க வேண்டும். அதன் எழுத்துகளைப் படிக்காமலே அம்புக்குறியைப் பார்த்து இயக்க முடிய வேண்டும். இறக்கத்தில் தடை கட்டாயம். மடித்தால் கார் டிக்கியில் அடங்க வேண்டும். வண்டியும் பேட்டரியும் தனித்தனியே தூக்கும் எடையில் இருக்க வேண்டும். இந்தத் தகுதிகளோடு, உதிரிபாகத்திற்கு எழுத்தில் உறுதி தந்த ஒரு விற்பனையாளரிடம் வாங்கினோம்.

வண்டி வந்த அன்று அத்தா ரிமோட்டை அந்த அண்ணனின் கையில் கொடுத்தார். கூலி அதே 500 ரூபாய். வேலை குறைந்துவிட்டதே என்று அவரே தயங்கியபோது, "பாரத்துக்கா இத்தனை வருசம் கொடுத்தேன்? உங்க கண்ணுக்குக் கொடுத்தேன்" என்றார் அத்தா. முதல் வாரம் வண்டி இரண்டு முறை மணற்குழிக்குள் இறங்கியது. மூன்றாம் வாரம் அதை அவர் செம்மறியாடு ஓட்டுவதுபோல் ஓட்டினார். தோள் வலிக்கு மருத்துவரைப் பார்க்கவும் ஏற்பாடு செய்தோம். இதில் எங்களுக்குப் பெருமை ஏதுமில்லை. இரண்டு ஆண்டுகள் தாமதமாகச் செய்த கடமை அது.

எல்லாம் நலமாக முடிந்தது என்று எழுதிவிட எங்களுக்கும் ஆசைதான். ஆனால் ஒரு நாள், பை சுமக்கும் இளைஞர் ஒருவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பாய் மாதிரியே எல்லாரும் இருப்பாங்களாங்க?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. ஒருவர் நியாயமாக நடந்துகொண்டால் ஒரு வீட்டு அடுப்பு எரியும். நூறு வண்டிகள் வந்தால் எத்தனை அடுப்புகள் அணையும் என்பதற்கு எங்கள் அட்டவணையில் கட்டம் இல்லை. அந்த மைதானத்தில் முதல் ரிமோட் வண்டிகளுள் ஒன்றை இறக்கியவர்கள் நாங்கள் என்ற உறுத்தல் இன்னும் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

அத்தா இன்னும் நாற்காலியில்தான் தொழுகிறார். ஆனால் வாரம் நான்கு நாள் நடக்கிறார், வலி குறைந்திருக்கிறது. என்றாவது ஒரு நாள் நெற்றி தரையைத் தொடும் என்று நம்புகிறார். ஆட்டம் முடிந்ததும், காரில் ஏறுவதற்கு முன் கூலியைக் கையில் கொடுத்து நலம் விசாரிப்பது அவர் வழக்கம். இப்போதெல்லாம் விசாரிக்கும்போது தோளையும் சேர்த்து விசாரிக்கிறார்.

நம் வீடுகளுக்குள் நாள்தோறும் ஏதேனும் ஒரு இயந்திரம் வந்துகொண்டே இருக்கிறது. துணி துவைக்க, பாத்திரம் கழுவ, தரை பெருக்க, கடையில் கணக்கு எழுத எனப் பல. வாங்குவது குற்றமன்று. விலையையும் வாரண்டியையும் ஒப்பிடும் அதே தாளில், இதுவரை அந்த வேலையைச் செய்துவந்த கைகளுக்கும் ஒரு கட்டம் போடுவோம். அவர்களை அழைத்து உட்கார வைத்து, எங்கே வலிக்கிறது என்று கேட்போம். ஒருவேளை நாம் வாங்கப் போகும் இயந்திரம் நம்மைவிட அவர்களுக்கே அதிகம் தேவைப்படலாம்.

வல்ல அல்லாஹ் நம் பெற்றோருக்கு ஆரோக்கியத்தையும், நமக்காக உழைப்பவர்களுக்கு விசாலமான ரிஸ்கையும், பிறர் தோளின் வலியை அவர்கள் சொல்லுமுன்பே உணரும் உள்ளத்தை நமக்கும் வழங்குவானாக. ஆமீன்.